முதல் குளிசை

"டெங்கு வைரஸை அடிக்கிறதை விட்டிட்டு, எங்கட உடம்பில ஏன் டொக்டர் கை வைக்கிறீங்கள்?"

கேட்டவர் பேர்னாட். கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். புது மருந்தைத் தங்கள் மேல் பரீட்சிக்கச் சம்மதித்து வந்திருந்த எட்டுப் பேரில் ஒருவர்.

டொக்டர் கௌரி சிரித்தாள். "வைரஸுக்குத் தனியப் பெருக ஏலாது. எங்கட உடம்புக் கலத்தில இருக்கிற ஒரு நொதியத்தை வச்சுத்தான் தன்ர வெளிக்கோதைச் செய்யுது. டெங்குவில நாலு வகை. நாலுக்கும் அந்த நொதியம் வேணும். அதைக் கொஞ்ச நாள் அடக்கி வச்சால் நாலும் தடுமாறும்."

"அது எங்களுக்கும் வேணுமே?"

"வேணும். அதாலதான் இண்டைக்கு ஒராளுக்கு மட்டும் குளிசை. ஒரு நாள் பார்த்து, பிரச்சினை இல்லையெண்டால்தான் மற்ற ஏழு பேருக்கும்."

முதலில் வந்து பதிந்தவன் மட்டக்குளி இராமர். அவன் எழும்புவதற்கு முன்பே பேர்னாட் எழும்பிவிட்டார்.

"தம்பி, நான் முதல்ல போறன். நாளைக்கு ஷிப்டுக்குப் போகவேணும்."

"நான் விடிய ஆறு மணிக்கே வந்தனான், அங்கிள்."

"உமக்கென்ன, நாளைக்கு எடுக்கலாம்தானே."

"கியூவில நிக்கத் தெரியாத சனம்," என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். கௌரிக்கும் எரிச்சல்தான். இராமர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போகட்டும் டொக்டர்," என்றான்.

பேர்னாட் குளிசையை விழுங்கினார். பின்னேரம் வயிறு கலக்கியது. ஆறு தரம் கழிப்பறைக்கு நடந்தார்.

"எப்பிடி இருக்கு?" என்று கௌரி கேட்டாள்.

"மனுசியின்ர நண்டுக்கறியைவிடப் பரவாயில்லை."

மறுநாள் காலை இரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. மற்றவர்களுக்கும் குளிசை கொடுத்தார்கள்.

பேர்னாட் பையைத் தூக்கினார்.

"கெதியாப் போங்கோ, ஷிப்ட் பிந்திப்போகும்," என்றாள் கௌரி, கொஞ்சம் சுள்ளென்று.

"ஷிப்ட் இல்லை டொக்டர். ஒரு கிழமை லீவு."

"பிறகேன் அந்தத் தம்பியைத் தள்ளிக்கொண்டு போனீங்கள்?"

பேர்னாட் வார்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நேற்று அவரைக் கொண்டுவந்து விட்ட மனுசியின்ர கையில மூண்டு மாசக் குழந்தை. என்ர பிள்ளையள் ரெண்டும் வளர்ந்து கலியாணமும் முடிச்சிட்டுதுகள். இந்தக் குளிசையால ஏதும் நடக்கிறதெண்டால், எனக்கு நடக்கட்டும் எண்டு நினைச்சன்."