இடம் வலம்

"என் மூஞ்சிய யாரக் கேட்டு பெங்களூருக்கு அனுப்புன?"

பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக லவினா கத்தினாள். ரூபேஷ் மை உருளையைக் கீழே வைத்தான். ஸ்கெலட்டன் என்ற தங்கச் சுரங்கப் பேட்டையில், பழைய மைன்ஸ் குவார்ட்டர்ஸ் ஒன்றில் ஐந்து ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் அச்சுப் பட்டறை அது. ஒருவர் முகத்தை இன்னொருவர் ரப்பர் போன்ற லினோ ஷீட்டில் செதுக்கி அச்செடுக்க வேண்டும் என்பது இந்த வருட ஏற்பாடு. லவினாவின் முகம் ரூபேஷ் பங்குக்கு வந்திருந்தது.

"அஞ்சு பேர் மூஞ்சியும்தான் எக்ஸிபிஷன்ல மாட்டிக் கீது. உன்னுது மட்டும் இன்னாத்துக்கு வாணாம்?"

"அவன் அந்த ஊர்லதான்டா கீறான்! பாத்தான்னா அவ்ளோதான். அங்க எக்ஸிபிஷன பாத்துக்குற நம்ம டெய்சி கிட்ட கேட்டா, வெள்ளந்தியா இந்த எடத்த சொல்லிருவா."

அவன் யார் என்று ரூபேஷுக்குத் தெரியாது. யாருக்கோ பயந்து பெங்களூர் வேலையை விட்டு, போன் நம்பரை மாற்றிக்கொண்டு அவள் ஊர் திரும்பினாள் என்பது மட்டும் தெரியும். இன்றைக்கும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அவள் ஜன்னல் ஓரமாக ஒளிந்து நின்று எட்டிப் பார்ப்பாள்.

ரூபேஷ் தலையைச் சொறிந்தான். "திட்டாத லவி. ஒரு தப்பு பண்ணிட்டேன். ரப்பர் ஸ்டாம்ப்ல எழுத்தத் திருப்பித்தான செதுக்குவாங்க? நான் உன் மூஞ்சியத் திருப்பாம அப்படியே செதுக்கிட்டேன். அச்சுல இடம் வலமா வந்துட்ச்சி."

மேஜையில் மீந்திருந்த பிரதியை வெடுக்கென்று எடுத்தாள். இடது கன்னத்துத் தழும்பு வலது கன்னத்தில் இருந்தது. வகிடு, கோணல் புருவம், எல்லாமே பக்கம் மாறியிருந்தன.

"எனக்கு நான்தான்னு தெரியுதேடா!"

"உனக்குத் தெரியும். மத்தவங்களுக்கு யாரோ மாதிரி கீது. டெய்சியே 'யாருடா இவ'ன்னுதான் கேட்டா."

அப்பாடா! லவினாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லா இருப்படா நீ" என்று அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சிரிப்பு கூட வந்துவிட்டது.

போன் அடித்தது. டெய்சிதான்.

"லவி, உனக்கு ஒரு ரசிகருடி! நாங்களே தடுமாறுன படம், அவரு பாத்த ஒடனே 'லவினா மேடம்தான, அப்படியே கீறாங்களே'ன்றாரு. எங்கன்னு கேட்டாரு, அட்ரஸ் குடுத்தேன். காலையிலயே கெளம்பிட்டாரு, இந்நேரம் அங்க வந்துருப்பாரே!"

"ஆளு... எப்பிடிடி இருந்தான்?"

"கையில கார் சாவிய சுத்திக்கினே நின்னாரு."

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கம்பெனி காரின் பின்சீட்டில் உட்கார்ந்து அவள் வேலைக்குப் போய்வந்த காலமெல்லாம், டிரைவர் சீட்டிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்த்தது முன்னால் தொங்கிய கண்ணாடியில், இடம் வலமாக மட்டும்தான்.