ஆமைக்குப் போர்த்திய பொன்னாடை

நம்பாதவர்கள் போகட்டும், மாநகரத் திட்டக் கூட்டத்துக்கு ஏரி வார்டு உறுப்பினரான ஆமையையும் அழைத்திருந்தார்கள்.

"ஏரி வெறும் பொட்டல்தானே, பஸ் நிலையம் கட்டிடலாம்" என்றது, கோடையில் மேலே பறந்து படம் வரைந்த பருந்து.

"பொட்டல் இல்லைங்க, தண்ணி வெளியூர் போயிருக்கு, ஐப்பசியில வந்திடும்." இதைச் சொல்லத்தான் ஆமை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தது. ஆனால் அது எழுந்ததும், வாயைத் திறக்கும் முன்னே பொன்னாடை போர்த்தினார்கள். ஆமை கூச்சத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"உறுப்பினருக்கு ஆட்சேபணை இல்லை" என்றது பருந்து.

ஆமை தலையை நீட்டியபோது கூட்டம் முடிந்து கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கேசரி நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. பஸ் நிலையத்தைச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, சுவரோரம் கிடந்த ஆமையின் ஓட்டைத் தட்டியது.

"அண்ணே, நம்ம வீடு எங்கண்ணே?"

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.