நாலு மணி மிஷின்

“ஆரம்பிச்சிட்டாங்க பாரு!”

கையிலிருந்த டம்ளரை ணங்கென்று மேஜையில் வைத்தான் கணவன்.

குழந்தை அழத் தொடங்கி முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாக வந்துவிட்டது தையல் மிஷின் சத்தம். டக டக டக டக.

“இவன் வாயைத் திறந்தா போதும், அந்த டெய்லரம்மா மிஷின்ல கால் வெச்சிடறாங்க. இவன் தூங்கின உடனே நிறுத்திடறாங்க. இதுக்கு என்ன அர்த்தம்? வேணும்னே பண்றாங்க!”

கார் ஓட்டக் கற்றுத் தருவது அவன் தொழில். பதற்றம் வந்தால் வீட்டிலும் கால் தானாகத் தரையை அழுத்தும், பிரேக் இருக்கிற நினைப்பில். மூன்று மாதமாக அந்த வீட்டுத் தரை படாதபாடு படுகிறது.

அவன் மனைவிக்கு மிஷின் காதில் விழவில்லை. குழந்தையின் முகம் சிவந்து சிவந்து வருவதுதான் கண்ணில் இருந்தது. எட்டு மாதம் முடியும் முன்பே பிறந்துவிட்டவன். பதினாறு நாள் மூக்கில் குழாயோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவன். அத்தனை சின்ன உருவம் என்பதால் வீட்டில் அவனுக்கு ‘அரைப்படி’ என்று பேர்.

தினமும் நாலு மணிக்கு இந்த அழுகை. “பால் குடிக்குது, எடை ஏறுது. குழந்தைன்னா அழும்மா” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். இவளுக்கோ, குழந்தை தூங்கினாலும் பயம். அழுது களைத்து மயங்கிவிட்டானோ என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

“கடைசி ரெண்டு மாசம் இந்தச் சுவரோரமாதானே படுத்த படுக்கையா கிடந்தேன்? அப்பல்லாம் காலைலேர்ந்து ஓடும். எனக்குத் தொந்தரவாவே தெரியலையேங்க.”

“அப்ப வயித்துக்குள்ள இருந்தான். இப்ப வெளில இருக்கான். வித்தியாசம் இல்ல?”

குழந்தையைப் பார்க்கப் புருஷனோடு வந்திருந்த அவன் அக்கா தூபம் போட்டாள். “பச்சப் புள்ள அழற வீடு. கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேணாம் அவளுக்கு? நீயும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கியே! போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேளுடா.”

போனான். கதவைத் தட்டினான் என்பதைவிட இடித்தான் என்பதே சரி.

“குழந்தை அழறப்பதான் உங்களுக்குத் தைக்க நேரம் கிடைக்குதா? நீங்கல்லாம் மனுஷங்கதானா?”

டெய்லரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

“சரி தம்பி, நிறுத்திடறேன்.”

அவ்வளவுதான். கதவு மூடியது.

“பாத்தியா? கேக்கற விதத்துல கேட்டா அடங்கிடுவாங்க” என்றாள் அக்கா.

மிஷின் அடங்கியது. அரைப்படி அடங்கவில்லை.

அக்கா மடியில் போட்டு ஆட்டினாள். அக்கா புருஷன் கார் சாவியைக் கிலுக்கிக் காட்டினார். அப்பா தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தான். பால் கொடுத்தால் தலையைத் திருப்பிக்கொண்டான். மணி ஐந்தரை. அழுகை தேய்ந்து, மூச்சை இழுத்து இழுத்து விசும்பினான். உதடு நீலமாக இருக்கிறதோ? அவள் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க. எனக்கு பயமா இருக்கு. மறுபடி அந்தப் பெட்டிக்குள்ள வெச்சிடுவாங்களோ...” அவள் குழந்தையைத் துண்டில் சுற்றினாள்.

அக்காவுக்குத் திடீரென்று வீட்டில் போட்டது போட்டபடி கிடக்கும் வேலையெல்லாம் ஞாபகம் வந்தது. “நீங்க கிளம்புங்க, நாங்களும் அப்படியே கிளம்பறோம்” என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

குழந்தையோடு வெளியே ஓடிவந்தபோது பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் டெய்லரம்மா.

“தம்பி, கோச்சுக்காதீங்க. ஒரே ஒரு நிமிஷம் மிஷினை ஓட்டிக்கட்டுமா?”

“உங்களுக்கு என்ன பைத்தியமா...”

அவன் முடிப்பதற்குள் அவள் குழந்தையோடு உள்ளே போய்விட்டாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது.

டெய்லரம்மா உட்கார்ந்து மிதியில் கால் வைத்தார். டக டக டக டக.

அரைப்படி ஒரு தரம் விக்கினான். சத்தம் வந்த பக்கம் கண்ணைத் திருப்பினான். இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் மெல்லப் பிரிந்தன. ஒரு கொட்டாவி விட்டான். அவள் வழக்கம்போல மூக்கருகே விரல் வைத்தாள். மூச்சு சீராக வந்தது.

“உள்ள இருந்தப்ப இதைக் கேட்டே வளந்தவன்ம்மா. பழகின சத்தம் அவனுக்கு” என்றார் டெய்லரம்மா, மிதிப்பதை நிறுத்தாமல்.

கணவன் வாசலிலேயே நின்றான். “அப்பவே... இதைச் சொல்லியிருக்கலாமேம்மா?”

“குழந்தை அழறப்ப அப்பன் பேசறதையெல்லாம் பெருசா எடுத்துக்கலாமா தம்பி?”

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். “உங்க வேலையை வேற கெடுத்துட்டேன். அந்தத் துணியை...” என்று மிஷினைப் பார்த்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

மிஷினில் துணி இல்லை. நூல் இல்லை. ஊசியே இல்லை.

“கண்ணுல புரை விழுந்து, தையலை விட்டு மூணு மாசமாச்சு தம்பி. இதை வித்துடலாம்னு ஆளைக்கூட வரச் சொல்லியிருந்தேன். அன்னைக்குப் பாத்துதான் இவன் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து, முதல் அழுகை அழுதான்.”