பெருவிரல் பள்ளம்

செத்துப்போன கணவன் கடைசியாகச் செய்த கோப்பை, ஒருமுறை சுட்டதோடு பூச்சில்லாமல் கோமளாவிடம் இருந்தது. கைப்பிடியை ஒட்டும்போது பதிந்த அவன் பெருவிரல் தடம் அதில் அப்படியே இருந்தது. தடமும் தெரிய வேண்டும், அதில் தேநீரும் குடிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பூசாமல் ஊற்றினால் மண் கசியும்; எந்தக் கண்ணாடிப் பூச்சைப் பூசினாலும் செம்மண்ணில் பால்போல் வெளுத்துத் தடத்தை மறைத்துவிடும். இன்று சூளையைத் திறந்தால், அவள் தன் விரலைப் பதித்து, புதுப் பூச்சோடு சோதனைக்கு வைத்த கோப்பை, தண்ணீரில் நனைந்ததுபோல் தெளிவாகப் பளபளத்தது.

“ஒருவழியா இந்தச் சனியன் வழிக்கு வந்துட்டு, மதினி. அண்ணன் கோப்பையையும் முக்கி எடுத்துருவோம்” என்றாள் நாத்தனார் பூரணி.

சோதனைக் கோப்பையின் பள்ளத்தைக் கோமளா தடவிப் பார்த்தாள். ரேகை கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தட்டுப்படவில்லை.

“இதுல நீ குடி” என்று பூரணியிடம் அதைக் கொடுத்துவிட்டு, பூசாத கோப்பையில் தனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டாள். பள்ளத்தில் பெருவிரல் பொருந்தி உட்கார்ந்தது. வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே மண் கசிந்து, வியர்த்த கைபோல் அவள் உள்ளங்கையை நனைத்தது.