மூணாம் வகுப்புப் பாடம்

“ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மூணாம் வகுப்புப் பாடம் நடத்திக்கிட்டு இருக்கீங்க. அது தெரியுமா உங்களுக்கு?”

வீட்டுக்கு வந்திருந்த கல்வி ஆய்வாளர் அம்மா டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டதும் மெக்கானிக்குக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. பிரேக் பிடிக்காத லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு பாட்டுப் பாடின மனுஷன். அப்போதுகூட இப்படி வியர்த்ததில்லை.

“மூணாவதா? இருக்காதுங்க மேடம். ஏஐ போட்டுக் குடுத்த பாடம். அது எப்படித் தப்பாப் போகும்?”

“நாம என்ன கேக்கறோமோ அதைத்தான் அது போட்டுக் குடுக்கும். நீங்க என்னன்னு கேட்டீங்க?”

மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். கேட்பதெல்லாம் மகள் குருவிதான். டேப்லெட்டில் தட்டுவது அவள், பாடம் வாங்குவது அவள். வாங்கியதும், “வாங்கப்பா, தனியாப் படிச்சா தூக்கம் வருது” என்று கூப்பிடுவாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல் போகிற வழியே தானும் எழுத்துக் கூட்டிப் படிப்பார். முதல் நாள் ‘மரம், படம்’ என்று வந்தபோது இவருக்கே லேசாக இடித்தது.

“ஏஐ எதையுமே அடியிலேருந்துதாம்ப்பா ஆரம்பிக்கும்” என்றாள் குருவி.

நியாயமாகத்தான் பட்டது. இன்ஜினில் கோளாறு என்றால் இவரும் கடைசி நட்டு வரை கழற்றிப் போட்டுவிட்டுத்தானே ஆரம்பிப்பார்!

அதை இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

“தினமும் கூடவே உக்காருவேன்னு சொன்னீங்க. ‘ஒரு லாரிக்கு ஆறு டயர், நாலு லாரிக்கு எத்தனை?’ இது ஆறாம் வகுப்புக் கணக்கா? பார்த்தாலே தெரிய வேணாமா?”

“கண்ணாடியை ஒர்க்‌ஷாப்ல வெச்சுட்டேன் மேடம்...”

“தினமுமா?”

மெக்கானிக் தரையைப் பார்த்தார். தரை வாயைப் பிளந்தால் குதித்துவிடத் தயாராக இருந்தார்.

“பிள்ளைக்கு ஆஸ்துமான்னு டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கு, ஒத்துக்கறேன்” என்றார் ஆய்வாளர். “ஆனா வீட்டுல படிப்புன்னு ஒண்ணு நடந்தாத்தான் அது செல்லும். நடக்கவே இல்லையே! திங்கக்கிழமையிலேருந்து பிள்ளை பள்ளிக்கூடத்துல இருக்கணும்னுதான் நான் எழுத முடியும்.”

பள்ளிக்கூடம் என்றால் மரம் அறுக்கும் மில்லை ஒட்டின பள்ளிக்கூடம். அக்கம்பக்கத்தில் வேறு கிடையாது. காற்று பள்ளிக்கூடப் பக்கம் திரும்பினால் வகுப்பெல்லாம் மரத்தூள்தான். கடைசியாக அங்கிருந்து குருவியைத் தோளில் போட்டுக்கொண்டு இவர் ஓடியபோது, அவள் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓடினார். அந்த ஓட்டம் இன்றைக்கும் அவர் கனவில் நிற்கவில்லை.

“மேடம், தப்பு என்னுது. என்னை என்ன வேணா பண்ணுங்க. அவளை மட்டும் அங்க அனுப்பாதீங்க. உயிரோட திரும்பி வர மாட்டா மேடம்.” கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த குருவி முன்னே வந்தாள். அவளுக்கும் முகம் வெளிறித்தான் இருந்தது.

“அப்பா, மேடத்துக்கு டீ போட்டு எடுத்துட்டு வாங்களேன்.”

“இப்ப டீ ஒண்ணுதான் குறைச்சலா?”

“போங்கப்பா, ப்ளீஸ்.”

சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். டீக்குத் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்தாயிற்று. பிள்ளை காலில் விழுந்து கெஞ்சப் போகிறாள் என்று நினைத்து, பலகையில் காதை ஒட்டவைத்தார் மெக்கானிக்.

கெஞ்சல் எதுவும் கேட்கவில்லை. குசுகுசுப்புதான் கேட்டது.

“மேடம், நீங்க பார்த்தது என் பாடம் இல்லை. என்னோடது தனியா இருக்கு, இதோ பாருங்க. அப்பா எந்திரிக்கறதுக்குள்ள முடிச்சுடுவேன். எதுல வேணா கேளுங்க.”

ஆய்வாளர் சும்மா விடவில்லை. பின்னம் கேட்டார், பருவகாலம் ஏன் மாறுகிறது என்று கேட்டார், இலைக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். குருவி பட்டுப் பட்டென்று சொன்னாள்.

“அப்ப அந்த மூணாவது பாடம் யாருக்கு?”

“அப்பாவுக்கு.”

“என்னது?”

“மெதுவாப் பேசுங்க மேடம். அம்மா வேலைக்குப் போயிருந்தப்ப ஒருநாள் எனக்கு மூச்சு இழுத்துச்சு. எந்த மருந்துன்னு படிக்கத் தெரியாம, டப்பாவைத் தூக்கிக்கிட்டு வாசல்ல போறவங்களை எல்லாம் கூப்பிட்டாரு. அழுதுட்டாரு மேடம். அதுக்கப்புறம்தான் ஏஐகிட்ட கேட்டேன். ‘ஒரு மெக்கானிக்குக்குப் படிக்கச் சொல்லித் தரணும். ஆனா சொல்லித் தர்றோம்னு அவருக்குத் தெரியக் கூடாது. லாரி, டயர்னு வெச்சுப் பாடம் போட்டுக் குடு’ன்னு. ஒண்ணாவதுல ஆரம்பிச்சோம். இப்ப மூணாவதுக்கு வந்துட்டாரு. தெரிஞ்சா வெக்கப்பட்டு விட்டுடுவாரு. சொல்லிடாதீங்க மேடம்.”

ஆய்வாளரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சொல்ல மாட்டேன். நீ வீட்டுலயே படி. உங்கப்பாவை நாலாவதுக்குக் கொண்டு வந்துட்டு எனக்கு ஒரு போன் பண்ணு.”

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. மெக்கானிக் அடுப்பை அணைத்தார். சட்டைக் கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்தார். ஆனால் உடனே முன்னறைக்குப் போகவில்லை. பேச்சை மாற்றிக்கொள்ள அவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டுமே என்று, நல்ல கனமான பாத்திரமாகப் பார்த்து எடுத்து, வேண்டுமென்றே கீழே போட்டார்.