கொடகவெலயில் ஒரு வாளித் தண்ணீர்

"புது வண்டி மாஸ்டர்! இரத்தினபுரி போய்ச் சேரும் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி கேக்காது" என்று புது கண்டக்டர் பாறூக் பஸ்ஸின் தகரத்தைத் தட்டிக் காட்டினான்.

நடராஜாவின் வயிறு அதைக் கேட்டுவிட்டது.

"பழைய வண்டி எங்க?"

"டிப்போவுல மூலையில போட்டாச்சு. ஏன் மாஸ்டர் மூஞ்சி கறுத்துப் போச்சு? ஒங்களுக்குச் சொந்தமா?"

சொந்தம்தான். இரண்டு வருடமாக மாதம் ஒரு முறை றக்வானையிலிருந்து அந்தப் பஸ்ஸில்தான் அவன் இரத்தினபுரி கிளினிக்குக்குப் போய் வந்தான்.

பெருங்குடலில் புண். டாக்டர் மருந்துத் துண்டுச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தே விளக்கியிருந்தார். "சாப்பாட்டால வந்ததில்ல. யாருக்கும் தொத்தாது. உங்க உடம்பே உங்க குடலோட சண்டை பிடிக்குது. அடக்கி வைக்கலாம். ஆனா சுகமா இருக்கிற நாளிலயும் மாத்திரைய விடக்கூடாது. விட்டா, கடைசியில குடலை வெட்டித்தான் எடுக்கணும்."

படத்தில் குடல் றக்வானை ரோட்டைப் போல இருந்தது. அத்தனை வளைவு.

போன வருடம் மனைவி புஷ்பம் மூன்று நாள் காய்ச்சலில் போனாள். இனி மாத்திரை எதற்கு என்று இரண்டு மாதம் விட்டுப் பார்த்தான். குடல் ரத்தமாகப் பதில் சொன்னது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. பெண்டாட்டிக்குத் துக்கம் காக்கக்கூட ஓரிடத்தில் உட்கார முடியாத புருஷன், உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

நேற்றோடு மாத்திரை தீர்ந்திருந்தது. கிளினிக் பன்னிரண்டு மணிக்கு மூடும். வழியில் இறங்கினால் அடுத்த பஸ் மத்தியானத்துக்கு மேல்தான்.

இதுவரை அந்தக் கவலை இருந்ததில்லை. கொடகவெலயில், மீராசாஹிப்பின் தேத்தண்ணிக் கடைக்கு நேரே வந்ததும், "இன்ஜின் கொதிக்குது" என்று டிரைவர் லாபிர் வாளியோடு இறங்கிவிடுவார். பெல்மதுளையில் இன்னொரு தடவை. இரண்டு இடத்திலும் கடைக்குப் பின்னால் கக்கூசு. பத்து நிமிஷம். தேத்தண்ணி குடிக்கப் போகிறவன் போல நடராஜா போய் வருவான். ஒருவருக்கும் தெரியாது.

தெரியவிட மாட்டான். கட்டினவளிடமே மறைத்த கெட்டிக்காரன் அவன். மாத்திரைகள் பள்ளிக்கூடச் சோக்குக்கட்டிப் பெட்டிக்குள் இருந்தன. கிளினிக் நாளில், "மாறுதல் விஷயமா எடுகேஷன் ஆபீஸ் போறேன்" என்பான்.

"மாசா மாசம் போறீங்க. இந்தத் தோட்டத்த விட்டு நகரக் காணோமே!" என்று புஷ்பம் சிரிப்பாள். பாவம், நம்பிவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

பஸ் இறக்கத்தில் வளைந்தது. பக்கத்து சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பழைய கங்காணி பழனிமுத்து.

"என்னங்க மாஸ்டர், இப்பிடி வேர்க்குது?"

"புழுக்கமுங்க."

"வெளியில மழை பேயுது."

"அதான்... மழைப் புழுக்கம்."

கங்காணி அவனை மேலும் கீழும் பார்த்தார். "சூட்டு வயிறா? வெந்தயத்த மோருல ஊறப்போட்டு..."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க!"

அடுத்த வளைவில் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆனாலும் கண்ணை மூடி வேண்டினான்: முருகா, இந்த இன்ஜினைக் கொஞ்சம் கொதிக்க வை.

பஸ் நின்றது.

கண்ணைத் திறந்தான். மீராசாஹிப்பின் கடை.

"வண்டி கொதிக்குது. பத்து நிமிஷம்!" லாபிர் வாளியை எடுத்தார்.

"மொகத டிரைவர் மாத்தயா, என்ன இது, புது பஸ்தானே!" என்று பின்னால் ஒரு சிங்களக் கிழவர் சத்தம் போட்டார்.

பாறூக்குக்கு மானம் போய்விட்டது. "லாபிர் நானா, மீட்டர்ல முள்ளு அசையவே இல்லயே!"

"நீ டிக்கட்டக் கிழி. வண்டிய நான் பாக்குறேன்."

நடராஜா அதற்குள் பாதி தூரம் போயிருந்தான். இன்று தேத்தண்ணி குடிக்கப் போகிற நடிப்புக்கு நேரம் இல்லை.

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது; கால் லேசாக இருந்தது. முருகன் மேல் புது மரியாதை வந்திருந்தது. பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றி வந்தான்.

இன்ஜின் பானட் மூடியே கிடந்தது. லாபிர் ரோட்டோரத்து வாழைக்கு வாளித் தண்ணீரை நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார். வாழை கொழுகொழுவென்று வளர்ந்து குலை தள்ளியிருந்தது.

"என்ன நானா, இன்ஜினுக்கு ஊத்தாம வாழைக்கு ஊத்துறீங்க?"

லாபிர் திடுக்கிட்டார். வாளியைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை அதையே பார்த்தார்.

"புது வண்டி கொதிக்காது மாஸ்டர்."

"தெரியும். பழைய வண்டிதான்..."

"பழைய வண்டியும் கொதிச்சதில்ல. ஒரு நாளும்."

நடராஜாவுக்கு விளங்கவில்லை. "அப்ப ரெண்டு வருசமா ஏன் நிப்பாட்டினீங்க?"

லாபிர் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்கட வீட்டம்மாதான் டிப்போவுக்கு வந்து கேட்டுட்டுப் போனாங்க. 'அவரு கட்டுற சாரத்த நான்தானே தொவைக்கிறேன், எனக்குத் தெரியாதாங்க அண்ணே? ஆனா எனக்குத் தெரியும்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிறாதீங்க, பாவம், ரொம்பக் கெட்டிக்காரத்தனமா மறைக்கிறாரு' எண்டு."