எட்டரை மணி அமைச்சர்

சட்டமன்ற உறுப்பினர் ஒய்பி தனேஸ்வரன் அழுதுகொண்டிருந்தார்.

கோயில் மண்டபத்தின் சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு, முன்வரிசையில் இருந்த நல்லம்மாளின் இரு கைகளையும் பிடித்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். "நான் உங்க வீட்டுப் புள்ள. இந்தப் புள்ளய நம்பி ஒரே ஒரு தடவ கை தூக்குங்க!"

பின்வரிசையில் விமலா இருக்கை நுனிக்கு நகர்ந்து கேட்டாள். பக்கத்தில் அவள் கணவன் தேவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"அதே டயலாக்குலா!"

"எது?"

"எட்டரை மணி சீரியல்ல அந்த அமைச்சரு இதத்தானே சொன்னான்? புது வீடு தாரேன்னு அழுதான். சனம் நம்பி வீட்ட காலி பண்ணிச்சி. மறுநாளே எல்லாத்தயும் தரமட்டமாக்கிட்டான். வீடாவது மண்ணாவது!"

"அது கதைங்க. இது நம்ம பொழப்பு."

தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது மரங்கள் இல்லை. தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்து வீடுகளில் மிச்சமிருந்த நாற்பது குடும்பங்களும் வெளியேற வேண்டும் என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தீர்ப்பின்படி, பெரும்பான்மையோர் சம்மதித்தால், நிலத்தை வாங்கிய கம்பெனி குடும்பத்துக்கு ஒரு தரைவீடு கட்டித் தர வேண்டும். சம்மதிக்காவிட்டால் வீடு கிடையாது. கொடுக்கிற சொற்பத்தை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கெடு இன்றோடு முடிகிறது.

தோட்டத்தில் எந்த முடிவானாலும் கோயில் மண்டபத்தில் கை தூக்கித்தான். அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

விமலாவுக்கு அந்த வீடு வேண்டும். மழை வந்தால் மகளின் கட்டிலை நடுவீட்டுக்கு இழுத்துப் போட்டுக் கூரைக்குக் கீழே வாளி வைக்கிறவள் அவள். கையுறை ஃபேக்டரிச் சம்பளத்தில் டவுனுப் பக்கம் புந்தோங்கில் ஓர் அறைகூட வாடகைக்குக் கிடைக்காது.

"பாரு, இப்ப மண்ண எடுத்து நெத்தியில பூசுவான்," என்றான் தேவன், எல்லோருக்கும் கேட்கும்படி.

தனேஸ்வரன் எழுந்து வாசலுக்குப் போனார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார்.

மண்டபமே வெடித்துச் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

விமலா சிரிக்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் எழுதிவைத்த தாளைப் பார்த்துத் திக்கித் திக்கிப் பேசுகிற மனிதர், இன்று கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் மடமடவென்று பேசுகிறார். மனசிலிருந்து வருகிற பேச்சு என்றே அவளுக்குப் பட்டது.

அவள் எழுந்தாள். "நான் போயி பாத்தேன்! ரோட்டோரமா நெலத்த தட்டி சமமாக்கிட்டாங்க. வீட்டுக்கு அளந்து கல்லுகூட நட்டுருக்காங்க!"

"சீரியல்லயும்தான் கல்லு நட்டான், அக்கா!" என்றது ஒரு குரல்.

"கோர்ட்டே சொல்லிருச்சி. கை தூக்கலன்னா நடுத்தெருதான்!"

"சீரியல்ல ஜட்ஜும் அமைச்சரு ஆளுதான்!" என்றது இன்னொரு குரல். மறுபடியும் சிரிப்பு.

எதைச் சொன்னாலும் அதற்கு அங்கே ஒரு காட்சி தயாராக இருந்தது. விமலா உட்கார்ந்தாள்.

கோயில் தலைவர் சதாசிவம் மைக்கைத் தட்டினார். "சரி, போதும். வீடு வேணுங்கறவங்க கை தூக்குங்க."

விமலா கையைத் தூக்கினாள். திரும்பிப் பார்த்தாள். ஒய்பியின் கண்ணீர் பட்ட கைகளை நல்லம்மாள் முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். வேறு ஒரு கையும் எழவில்லை.

"எறக்குலா," தேவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "எல்லாரும் பாக்குறாங்க. மானம் போவுது."

"ஏங்க, நீங்களாவது..."

"நாம என்ன சீரியல் சனம் மாதிரி ஏமாந்தவங்களா?"

அவன் இழுத்த இழுப்பில் அந்த ஒரே கையும் கீழே இறங்கியது.

தனேஸ்வரன் கண்களைத் துடைத்துக்கொண்டார். எல்லோரையும் ஒருமுறை கும்பிட்டார். "உங்க முடிவு அதுன்னா நான் என்ன செய்ய முடியும்?" என்று தலை குனிந்தபடி வெளியேறினார். பின்னால் கைதட்டல் தூள் பறந்தது. தேவனை இரண்டு பேர் தூக்கியே விட்டார்கள்.

விமலா செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள். கெடு முடிய இன்னும் நேரம் இருக்கிறது. வீடு வீடாக ஒருமுறை வாருங்கள், நானும் கூட வருகிறேன் என்று அவர் காலில் விழுந்தாவது கேட்டுவிட வேண்டும்.

கோயிலுக்குப் பின்னால் அவருடைய கார் நின்றது. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. நெற்றி மண்ணை டிஷ்யூவால் துடைத்துக்கொண்டே தனேஸ்வரன் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் வந்ததை அவர் பார்க்கவில்லை.

"டத்தோ, முடிஞ்சிருச்சி. உங்க கம்பெனி இனிமே ஒரு வீடுகூட கட்ட வேணாம். அவங்களே வேணாம்னுட்டாங்க, எல்லாரு முன்னாலயும்."

மறுமுனை ஏதோ கேட்டது. தனேஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தார்.

"எப்படியா? நானும் அந்த சீரியல் பாக்குறேன்லா!"